இரண்டு மூடி உரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளையின் லாரி இப்போது எந்த ஊரில் நிற்கிறதோ, அவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும். இங்கே உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு பேரும் சுகம். உடம்பைப் பொறுத்தவரை என்று எழுதியிருக்கிறேன் பார், மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய தாளாக எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று கேட்பாய். வீட்டில் போன் ஒன்றுதான், அது உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். நான் வாயைத் திறப்பதற்குள் 'பயிர் ஆளை மறைக்குதும்மா, நீ வந்து பாரு' என்று முந்திக்கொள்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன், போனில் தலையாட்டினால் உனக்கா தெரியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் உனக்குப் பயிர் நடுவில் நின்று எடுத்த படம் ஒன்று அனுப்புகிறாரே, அதை உற்றுப் பார்த்தாயா? எல்லாப் படத்திலும் அதே கட்டம் போட்ட சட்டை, மேல் பித்தான் அறுந்த அதே சட்டை. நாள் முழுக்கச் சட்டை தைக்கிறவள் நீ, அதையாவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா. அத்தனை படமும் ஒரே நாளில் எடுத்தது கண்ணு. அவர் அதிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தால் போய்க் கையைக் காலைப் பிடித்தாவது திரும்ப வாங்கிக்கொள். நம் மக்காச்சோளம் போய்விட்டது.

எப்படிப் போனது என்று நீ கேட்பாய், சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. முன்பெல்லாம் உன் அப்பா உரம் போடுவது உனக்குத் தெரியும், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழிக்கு இரை போடுவது போல வீசிக்கொண்டே போவார், பயிர் தின்றது பாதி களை தின்றது பாதி. போன வருஷம் விவசாய ஆபீசில் புதிதாக ஒரு பெண் வந்தாள், ஸ்கூட்டரில் வருவாள், தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேச ஆரம்பித்துவிடுவாள். அவள்தான் சொன்னாள், வானம் பார்த்த பூமியில் உரத்தை வீசக் கூடாது, விதைக் குழிக்கு நாலு விரல் தள்ளி ஒரு சோடா பாட்டில் மூடி அளவு போட்டு மண்ணைத் தள்ளி மூடினால் போதும், வரிசைக்கு நடுவில் ஊடுபயிராகத் தட்டைப்பயறு போடுங்கள், அதற்கு யூரியாவே வேண்டாம், தனக்கு வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்ளும், மழை கைவிட்டு மக்காச்சோளம் போனாலும் பயறு மிஞ்சும் என்று. உன் அப்பா விடுவாரா, 'மூடியிலே அளந்து ஊத்த நான் என்ன மருந்துக்கடையா வெச்சிருக்கேன்' என்று கிண்டல் செய்தார். ஆனால் கையில் இருந்தது அரை மூட்டைதான், வேறு வழியில்லாமல் அவள் சொன்னபடியே போட்டார். விளைந்தது. எனக்கு நினைவு தெரிந்து அந்த நிலத்தில் செலவு போகக் கையில் ஏதோ நின்றது அந்த ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு அவர் அந்த மூடியை ஒரு கம்பின் நுனியில் ஆணி வைத்து அடித்துக் கரண்டி மாதிரி செய்துகொண்டார், குனியாமல் போடலாமாம். அந்தக் கம்பை வீட்டில் யாரும் தொடக் கூடாது, நான் ஒரு தடவை அதனால் பூனையை விரட்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண் அப்போதே தெளிவாகச் சொல்லியிருந்தாள், அதை நான் சொல்லாமல் விட்டால் அவளுக்குச் செய்த பாவம். 'நிறைய விளையறது வேற, லாபம் வேறம்மா. முதல் மூடி தன் செலவைத் தானே திருப்பித் தந்துடும். ரெண்டாவது மூடி மழையை நம்பிப் போடுறது. மழை வந்தா அதுவும் தரும், வரலேன்னா முதல் மூடி சம்பாதிச்சதையும் சேர்த்துத் தின்னுடும்' என்றாள். நானும் கேட்டேன், உன் அப்பாவும் கேட்டார். காதில் விழுந்தது, மண்டையிலும் ஏறியது, நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. அப்புறம்தான் நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். தையல் கூடத்துப் பஞ்சுத் தூசி உன் துணியோடு அறைக்கு வந்து பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்றுவிட்டுப் போனால் வேலைக்கு நேரமாகிவிடுகிறது, பாப்பாவை மாடி வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுப் போனால் அவள் டி.வி. முன்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறாள் என்று எல்லாம் கொட்டினாய். கடைசியில், 'இந்த வருஷமும் போன வருஷம் மாதிரி விளைஞ்சா நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்ப்பா, நானும் சேர்ந்து பாத்துக்கறேன்' என்றாய். நீ வைத்துவிட்ட பிறகும் அந்த மனுஷர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். அன்றைக்கு எதைச் சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்த வாரமே நல்ல மழை. விதைக்க இறங்கினோம். எங்கள் வேலை முறை உனக்குத் தெரியும், அவர் முன்னால் போவார், நான் பின்னால் காலாலேயே மண்ணைத் தள்ளி மிதித்து மூடிக்கொண்டு போவேன். முதல் குழிக்குப் பக்கத்தில் ஒரு மூடி உரம் போட்டார், நான் காலை வைக்கப் போனேன், 'இரு' என்று சொல்லிவிட்டு இன்னொரு மூடி போட்டார். என்ன இது என்று கேட்டேன். 'ஒரு மூடி நமக்கு, ஒரு மூடி அவளுக்கு' என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது கண்ணு. அந்தப் பெண் சொன்னதெல்லாம் நினைவில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டே மிதித்து மூடினேன். அப்புறம் குழிக்குக் குழி அதே பாட்டுத்தான், ஒரு மூடி நமக்கு, ஒரு மூடி அவளுக்கு, வயல் முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார், நடுவில் மூச்சு வாங்கியபோதும் நிறுத்தவில்லை. இதைப் படித்துவிட்டு என்னால்தான் என்று நீ உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ ஒரு வார்த்தை வருகிறேன் என்று சொன்னாய், பெற்றவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய். உரத்தைப் போட்டது அவர் கை, மூடியது என் கால்.

அதற்குப் பிறகு பயிர் வந்த வரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இலை ஒவ்வொன்றும் வாழைக்கன்று இலை அகலம், கறுத்துப்போன பச்சை. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எதிர்த் தோட்டத்துக்காரர் இருக்கிறாரே, நம் 'சில்லறை', யாருக்காவது நேரம் சொல்வதென்றாலும் கால் மணி குறைத்துச் சொல்கிற மனுஷர், அவர் தன் குழிக்கு அரை மூடிதான் போட்டிருந்தார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் பயிர் வெளிறிப்போய்க் காய்ச்சலில் எழுந்த பிள்ளை மாதிரி நின்றது. உன் அப்பா அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நம் வயலைக் காட்டினார். அன்றைக்குத்தான் சில்லறையின் மருமகன் வந்திருந்தார், அவரை விட்டு இந்தப் படங்களை எல்லாம் எடுக்கச் சொன்னார். ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே, படம் எடுக்கும்போது உன் அப்பா முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நின்றார், பயிர் இன்னும் உயரமாகத் தெரியட்டும் என்று. நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது, அதனால் அது நன்றாக நினைவில் இருக்கிறது.

களை எடுத்து முடித்ததும் மேலுரம். நல்ல மழை விழுந்து மண் நனைந்த பிறகு யூரியா போடுங்கள், இவ்வளவு கறுத்த பயிருக்கு அதுவும் கொஞ்சம் போதும் என்று ஸ்கூட்டர் பெண் சொல்லி அனுப்பினாள். ஒரு தூறல் விழுந்தது, தூசி அடங்குகிற அளவுக்கு. அதையே மழை என்று வைத்துக்கொண்டு முழுசாகப் போட்டுவிட்டார். பிறகு அவளே நேரில் வந்தாள், வரப்பிலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்தாள், முதல் தடவையாகத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். 'பயிர் ரொம்ப ஜோரா இருக்கு, அதான் பயமா இருக்கு' என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டினேன், மோர்கூடக் கொடுக்கவில்லை. மழை தள்ளிப்போகும் போலிருக்கிறது, மண்ணில் இருக்கிற ஈரம் இத்தனை இலைக்குக் காணாது, வரிசை விட்டு வரிசை மக்காச்சோளத்தைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுங்கள், நின்றது பிழைக்கும், நடுவில் இருக்கிற பயறுக்கும் வெயில் விழும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். உன் அப்பா ஒரு செடியின் தண்டைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். 'என் மக பங்கை நானே பிடுங்குறதா' என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மழை வரவில்லை. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். காலையில் விரிந்திருக்கிற இலை வெயில் ஏறுவதற்குள் சுருண்டு குச்சியாகிவிடும், சாயங்காலம் கொஞ்சம் விரியும், நமக்கும் கொஞ்சம் உயிர் வரும். பிறகு சாயங்காலமும் விரியவில்லை. உச்சியில் பூ வந்தது, மணி பிடிக்கக் கதிரின் நுனியில் வர வேண்டிய நூல் சரியாக வரவில்லை, வந்த ஒன்றிரண்டும் கருகின. குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தோம், நானும் அவரும் மாறி மாறி, ஒரு வயலுக்குக் குடத்தால் ஊற்றினால் எங்கே போய்ச் சேரும், அது வயலுக்கு இல்லை, எங்கள் மனசு கேட்காததற்காக ஊற்றியது. ஒருநாள் அவர் ஒரு கதிரை உரித்து என் கையில் கொடுத்தார். பல் முளைக்காத ஈறு மாதிரி இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. அடுத்ததை உரித்தார், அதற்கடுத்ததை உரித்தார், நான் போதும் என்று கையைப் பிடிக்கிற வரைக்கும் உரித்துக்கொண்டே போனார்.

சில்லறையின் வயலில் கதிர் பிடித்திருக்கிறது. சின்னக் கதிர்தான், ஆனால் மணி நிறைந்த கதிர். அவர் பயிர் சிறுசு, அதற்குத் தாகமும் சிறுசு, மண்ணில் கிடந்த ஈரத்தைக் கடைசி வரைக்கும் வைத்துக் குடித்தது. நம் பயிர் வளர்கிற வேகத்திலேயே அவ்வளவையும் குடித்துவிட்டு, மணி பிடிக்கிற நேரத்தில் தொண்டை வறண்டு நின்றது. ஸ்கூட்டர் பெண்தான் இதை விளக்கினாள், எங்கள் மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, முன்னாடியே சொன்னேனே என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இந்தத் தடவை மோர் கொடுத்தேன், குடித்தாள். சில்லறையும் ஒன்றும் கெட்டிக்காரத்தனத்தால் அரை மூடி போடவில்லை, கஞ்சத்தனம்தான், அதை அவரே சொல்கிறார். அவர் தன் கதிரில் கொஞ்சம் துண்டில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு உட்காராமல் போனார். ஆயுசில் அவர் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அந்த மனுஷரே கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்றுதான் எனக்கு அழுகை முட்டியது. என் பயறும் போச்சு. மக்காச்சோளத்து நிழலில் வெயிலே காணாமல் கொடியாக ஓடியது, காய் அங்கங்கே ஒன்று. மழை கைவிட்டால் பயறு மிஞ்சும் என்று நம்பியிருந்தோம், அதையும் நம் மக்காச்சோளமே மூடிவிட்டது. விதைக்கு ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் இந்த வருஷத்து மகசூல். காய்ந்த மக்காச்சோளத் தட்டையை மாட்டுக்கு என்று பால்காரர் கேட்டிருக்கிறார்.

பயிர் போனால் போகட்டும், இதற்கு முன்னால் போகாததா. நான் இப்போது எழுதப்போவதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உன் அப்பா முன்பு மாதிரி இல்லை. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை இருக்கிற மாதிரியே கிளம்புகிறார், போய் வரப்பில் உட்காருகிறார், சாயங்காலம் மண்வெட்டியில் ஒட்டு மண்ணில்லாமல் திரும்பி வருகிறார். என்னோடு பேசுவதே இல்லை, அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வருவது உன்னோடு போனில் பேசும்போது மட்டும்தான், அதனால்தான் அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. உரமும் விதையும் போட்டு வைத்திருந்த பக்கத்து அறையை உனக்கும் பாப்பாவுக்கும் என்று அப்போதே காலி செய்தார், நாற்றம் போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெள்ளையடித்தார், ஜன்னலுக்குக் கம்பி போட்டார். சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறார், பாப்பா தன் பையைத் தானே எடுத்து மாட்ட வேண்டுமாம். இப்போது அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு அந்த ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார், உறுதியாக இருக்கிறதா என்று. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் வெளியே வந்துவிடுகிறார். வீட்டில் இருந்த பூச்சி மருந்து டப்பாவை நான் சில்லறையின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. இதை உன்னிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். பயிர் போய்விட்டதால்தான் நீ வரவில்லை என்று அவருக்குத் தெரியக் கூடாது. கூடத்து மேற்பார்வையாளர் விடமாட்டேன் என்கிறார், அளவு பார்க்கிற மேஜைக்கு உன்னை மாற்றியிருக்கிறார்கள், இப்போது விட்டுப்போனால் பாக்கிச் சம்பளம் வராது என்று ஏதாவது சொல். அவர் அந்த மேற்பார்வையாளரைக் கண்டபடி திட்டுவார். திட்டட்டும். முகம் தெரியாத ஒருத்தனைத் திட்டிக்கொண்டிருந்தால் தன்னைத் திட்டிக்கொள்கிற நேரமாவது குறையும். சின்னப் பிள்ளையில் உனக்குப் பொய் சொல்லவே வராது, காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், நல்லவேளை போனில் காது தெரியாது. வராதே என்று சொந்த மகளுக்கு எழுதுகிறேனே, இதை எழுதவா கை படைத்தது என்று நடுவில் ஒரு தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன். வந்தால் அரை வயிறும் நான்கு பேரும், அங்கே இருந்தால் இருமலும் தனிமையும், இதில் எது உனக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிகிற மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான். சம்பளம் என்று ஒன்று மாசம் பிறந்தால் வருகிறதே, மழையைப் பார்த்து வருவதில்லையே. பாப்பாவுக்காவது ஜன்னலில் ஈரத் துணி கட்டு, வேலைக்குக் கட்டின புடவையோடு அவளைத் தூக்காதே, குளித்துவிட்டுத் தூக்கு, அழுதால் அழட்டும். இருமலோடு மூச்சு இழுத்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. அவளைத் தொடாமல் நீ எத்தனை நேரம் இருப்பாய் என்று எனக்குத் தெரியும், நானும் பெற்றவள்தான், ஆனாலும் சொல்கிறேன்.

மற்றபடி உன் அத்தை முட்டி வலியோடும் குறையாத வாயோடும் சௌக்கியம், போன வாரம் வந்து வெள்ளையடித்த அறையைப் பார்த்துவிட்டு யாருக்கு இந்த மாளிகை என்று கேட்டாள், நான் எலிக்கு என்று சொல்லி அனுப்பினேன். ஆடு ஒன்று குட்டி போட்டது, காதில் வெள்ளைப் புள்ளி, பாப்பாவிடம் சொல். இந்தக் கடிதத்தை ஸ்கூட்டர் பெண்ணிடம் கொடுத்து டவுனில் போடச் சொல்லப் போகிறேன், அவள் ஒட்டின கவரைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை.

இதோடு முடித்துவிடலாம் என்று இருந்தேன், அதற்குள் உன் அப்பா வந்துவிட்டார், மீதியை இப்போது எழுதுகிறேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். நான் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன், அவர் பார்க்கவே இல்லை. நேராகப் போய் மூலையில் இருந்த அந்த மூடிக் கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ஆணி தளர்ந்து மூடி ஆடிக்கொண்டிருந்தது, கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினார். எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு வேலையைத் தொடுகிறார், எனக்கு உள்ளே ஏதோ இளகியது. அப்புறம் என்னைப் பார்க்காமலே, 'அடுத்த மழைக்குப் போடும்போது ஒரே மூடிதான்' என்றார். அடுத்த மழை என்று அவர் வாயில் வந்ததே, அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். அந்தப் பெண் சொன்னதும் ஒரு மூடிதான், லாபம் வருவதும் ஒரு மூடியில்தான், கணக்கில் எங்கேயும் பிசகில்லை. ஆனால் எந்த மூடியை விட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

ஆகவே நீ வரமாட்டாய் என்று அவர் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது. இருந்தாலும் நான் சொன்ன பொய்யை நீ சொல்லத்தான் வேண்டும், அவர் நம்புகிற மாதிரி நடிப்பார், நானும் கூடச் சேர்ந்து அந்த மேற்பார்வையாளரைத் திட்டுகிறேன். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கையில் இருக்கிற வேலை உன்னைக் கைவிடாமல் இருக்க வேண்டும், பாப்பா என் காலத்திலேயே ஒரு தடவையாவது அந்த ஆணியில் பையை மாட்ட வேண்டும், இதைத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவர் படம் அனுப்பினால் சட்டையைப் பற்றி எதுவும் கேட்காதே, பயிர் நன்றாக இருக்கிறது அப்பா என்று மட்டும் சொல். அவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன், இன்னும் அனுப்பாமல் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருக்கிறது.

உன்னைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா